டிஸ்க்கைத் தேட வாசல் எண் போதாது: லினக்ஸில் தானியங்கி மவுண்ட்

லினக்ஸ் போட்ட புதிதில் நம்மில் பலருக்கும் வருகிற சந்தேகம் இது. பென்டிரைவைச் சொருகினால் உடனே திரையில் வந்து நிற்கிறது. ஆனால் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிற 'டி டிரைவ்', ஒவ்வொரு தடவையும் ஃபைல் மேனேஜரில் போய் கிளிக் பண்ணினால்தான் திறக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

பாட்டும் படமும் இருக்கிற டிரைவ் என்றால் ஒரு கிளிக்கோடு வேலை முடிஞ்சுது. ஆனால் ஃபைனல் இயர் புராஜெக்ட் டேட்டா அங்கே இருந்தால்? ராத்திரி பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்ட் அந்த டிரைவை நம்பி ஓடினால்? அப்போது டிரைவ் தானாகவே மவுண்ட் ஆகணும், அதுவும் ஒவ்வொரு தடவையும் சரியான டிரைவே மவுண்ட் ஆகணும்.

மவுண்ட் என்றால்?

விண்டோஸ் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஓர் எழுத்து கொடுக்கும். லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். புதிய டிஸ்க் வந்தால் மரத்தில் ஏதாவது ஒரு காலி ஃபோல்டரில் அதை ஒட்ட வைக்கணும். அதுதான் மவுண்ட்.

பென்டிரைவுக்கு இதைச் செய்வது டெஸ்க்டாப். நீங்கள் லாகின் பண்ணிய பிறகு, 'மீடியா' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஓர் இடம் போட்டு ஒட்டிவிடும். உள்ளே இருக்கிற பார்ட்டிஷனை அது தானாகத் தொடாது, நீங்கள் கேட்டால்தான் ஒட்டும். கணினி எழும்போதே மவுண்ட் ஆகணும் என்றால் 'ஈடிசி' ஃபோல்டரில் இருக்கிற 'எஃப்எஸ்-டேப்' என்ற கோப்பில் ஒரு வரி எழுதணும்.

நம்ம ஊர் இரட்டை பூட்

2011-இல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாக வந்த அந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அண்ணன், அக்கா கையிலிருந்து வந்த அப்படி ஒரு லேப்டாப் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்த பாஸ் லினக்ஸை உருவாக்கியது சி-டாக்கின் சென்னை மையம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி திருவான்மியூரில் இறங்கினால் எதிரே தெரிகிற டைடல் பார்க்கில்தான் அது இருக்கிறது.

பாஸ், உபுண்டு இரண்டுமே டெபியன் வழியில் வந்தவை. அதனால் கீழே சொல்கிற விஷயம் இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸில் டைப் பண்ணிய ரிப்போர்ட் லினக்ஸிலும் திறக்கணும் என்றால், விண்டோஸ் பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணியே ஆகணும்.

பழைய எண், புதிய எண்

மயிலாப்பூரில் ஒரு வீட்டைத் தேடியிருந்தால் தெரியும். ஒரே கதவில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டும் இருக்கும். எண்ணை மட்டும் நம்பிப் போனால் பக்கத்து வீட்டு மணியைத்தான் அடிப்போம்.

லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க்குகளுக்கு வரும் பெயர்களும் அப்படித்தான். யார் முதலில் கண்ணில் பட்டாரோ அவர் எஸ்டிஏ, அடுத்தவர் எஸ்டிபி. பென்டிரைவைச் சொருகியபடியே பூட் பண்ணினால், நேற்று எஸ்டிபியாக இருந்த ஹார்ட்டிஸ்க் இன்றைக்கு எஸ்டிசி ஆகலாம். எஃப்எஸ்-டேப்பில் 'எஸ்டிபி1' என்று எழுதியிருந்தால் வேறு எதுவோ மவுண்ட் ஆகும்.

இதற்குத் தீர்வு யூயூஐடி. ஃபார்மட் பண்ணும்போதே அந்தப் பார்ட்டிஷனுக்குள் எழுதப்படும் தனி அடையாளம் அது. லினக்ஸின் 'எக்ஸ்ட்-4' வகையில் 36 எழுத்துகள் (நடுவில் நான்கு சிறு கோடுகள் உட்பட), விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகையில் 16. எந்தப் போர்ட்டில் சொருகினாலும் மாறாது. திரும்ப ஃபார்மட் பண்ணினால் மட்டும் புதிதாகிவிடும், அப்போது வரியையும் மாற்றணும். டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையோடு '-எஃப்' சேர்த்துக் கொடுத்தால் எல்லா யூயூஐடியும் தெரியும் (டைப் பண்ணும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில்).

கோப்பைத் தொடாமல் செய்வது

எஃப்எஸ்-டேப் வரியில் ஆறு பத்திகள்: எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், என்ன வகை, என்ன ஆப்ஷன்கள், கடைசியில் இரண்டு எண்கள். கையால் எழுதலாம். முதல் தடவை என்றால் உபுண்டுவின் 'டிஸ்க்ஸ்' ஆப் போதும்.

1. முதலில் எஃப்எஸ்-டேப் கோப்பை ஒரு காப்பி எடுத்து வையுங்க.
2. 'எம்என்டி' ஃபோல்டருக்குள் 'புராஜெக்ட்' என்று காலி ஃபோல்டர் ஒன்று உருவாக்குங்க.
3. டிஸ்க்ஸ் ஆப்பில் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கர ஐகானில் 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' போங்க.
4. 'யூசர் செஷன் டீஃபால்ட்ஸ்' என்பதை அணைத்து, 'மவுண்ட் அட் சிஸ்டம் ஸ்டார்ட்அப்' டிக் பண்ணுங்க.
5. மவுண்ட் பாயின்ட்டாக அந்த ஃபோல்டரைக் கொடுங்க. 'ஐடென்டிஃபை ஆஸ்' இடத்தில் யூயூஐடி இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க.
6. ரீஸ்டார்ட் பண்ணும் முன், அதே ஆப்பில் சதுர பட்டனால் அன்மவுண்ட் பண்ணி, முக்கோண பட்டனால் திரும்ப மவுண்ட் பண்ணிப் பாருங்க. இங்கே பிழை வந்தால் இங்கேயே திருத்திக்கலாம்.

என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் படிக்க முடிகிறது, ஆனால் அது ரூட் பெயரில் இருப்பதால் எழுத முடியவில்லை என்றால், ஆப்ஷன்களில் 'யூஐடி=1000' சேருங்க. உபுண்டுவில் முதலில் உருவாக்கிய பயனரின் எண் அதுதான்.

மூன்று பொறிகள்

முதலாவது, டிஸ்க் இல்லாத நாள். எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்கை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தீர்கள். எஃப்எஸ்-டேப் வரி அதைக் கேட்கும். சிஸ்டம் 90 விநாடி காத்திருந்துவிட்டு, டெஸ்க்டாப்புக்குப் போகாமல் 'எமர்ஜென்சி மோட்' கருப்புத் திரையில் நின்றுவிடும். ஆப்ஷன்களில் 'நோஃபெயில்' இருந்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகும். டிஸ்க்ஸ் ஆப் இதைத் தானே சேர்க்கும், கையால் எழுதுபவர்கள்தான் மறப்பது.

இரண்டாவது, விண்டோஸின் தூக்கம். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாகத் தூங்காது, பாதி நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்திருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதில் எழுதினால் ஃபைல்கள் கெடலாம் என்பதால், படிக்க மட்டுமே விடும், அல்லது மவுண்ட்டே பண்ணாது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அந்த வசதியை அணைத்துவிடுங்க. கட்டாயப்படுத்தி எழுத வழி தேடாதீங்க.

மூன்றாவதுதான் ஆபத்தானது, சத்தமே வராது. நோஃபெயில் போட்டாச்சு, டிஸ்க் வரவில்லை, சிஸ்டம் பூட் ஆகிவிட்டது. ஆனால் 'புராஜெக்ட்' ஃபோல்டர் அப்படியேதான் இருக்கிறது, காலியாக. பேக்கப் ஸ்கிரிப்ட் அதற்குள் எழுதும். எழுதுவது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இல்லை, லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கில். அடுத்த நாள் டிஸ்க்கை மாட்டினால், அந்த ஃபைல்கள் மேல் புது டிஸ்க் வந்து உட்கார்ந்து மறைத்துவிடும். 'பேக்கப் ஓடுச்சே, ஃபைல் எங்கே?' என்று தேடுவோம். அதனால் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் 'மவுண்ட்பாயின்ட்' என்ற கட்டளையால், அந்த ஃபோல்டரில் நிஜமாகவே டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி எழுதுங்க.

நின்றுபோனால்

எல்லாம் செய்தும் பூட் ஆகவில்லையா? பதற வேண்டாம், டேட்டா போகவில்லை. உபுண்டு லைவ் பென்டிரைவில் பூட் பண்ணி, பழைய எஃப்எஸ்-டேப்பைத் திறந்து, நீங்கள் சேர்த்த வரியின் முன்னால் # போட்டு சேமித்தால் போதும்.

கடைசியாக ஒன்று. ஒரே ஹார்ட்டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொரு பார்ட்டிஷனுக்கு எடுப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ரிவ்யூ தேதிக்கு முன்னாடி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, அதன் யூயூஐடியை எழுதி, நோஃபெயிலும் போட்டுவிடுங்க.