வளவு நாயைப் பழக்குவோம்

வேளாண்மை செய்யும் வீட்டுக்கு நாய் பெரிய துணை. இரவில் வாடிக்குக் காவல் அதுதான். பட்டிக்குக் காவலும் அதுதான். 2007 மார்ச்சில் படுவான்கரைக் கிராமங்களிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது ஆடு, மாடு, நாய் எல்லாம் பின்தங்கிப் போயின. கரடியனாற்றுப் பக்கம் மீளக் குடியேறியவர்கள் கோழியையும் ஆட்டையும் ஒவ்வொன்றாகவே மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்த ஆட்டுக்குட்டியை அயல் வீட்டு நாய் கடித்துக் கொன்றால், ஒரு குடும்பத்தின் முதல் போகிறது. இரு குடும்பங்களின் உறவும் முறிகிறது. ஆகவே நாயைப் பழக்குவது அயலவருக்கு நாம் செய்யவேண்டிய கடமை.

அடித்தால் பழகுமா?

நாய் கோழியைப் பிடித்துவிட்டது என்று கேள்விப்படுகிறோம். அதைக் கூப்பிட்டு, வந்ததும் தடியால் அடிக்கிறோம். எப்போதோ பிடித்த கோழிக்காக இந்த அடி என்று நாய்க்கு விளங்காது. கூப்பிட்டதும் வந்ததற்கே அடி விழுந்தது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை வராது. ஓயாமல் அடி வாங்கும் நாய் பயத்தினாலேயே கடிக்கவும் தொடங்கும்.

இலங்கையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களும் பயன்படுத்தப்பட்டன. வெடிமருந்தின் மணம் பட்டதும் அந்த நாய் அசையாமல் உட்கார வேண்டும். சரியாகச் செய்தால் உடனே விளையாட ஒரு பந்து கிடைக்கும். அந்தப் பந்துக்காகவே அது வேலை செய்கிறது. மனித உயிர் தங்கியிருக்கும் வேலையையே இப்படிப் பழக்கலாம் என்றால், எமது வளவுக்கு வேண்டியதைப் பழக்க முடியாதா?

பழக்கும் முறை

1. குட்டியை எட்டுக் கிழமையாவது தாயுடன் விடுங்கள். அளவோடு கடித்து விளையாட அது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான் கற்கிறது.

2. கூப்பிட ஒரே பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பெயர் வேண்டாம். வந்த அந்தக் கணமே ஒரு சிறு துண்டு கருவாடு கொடுத்துத் தடவிக்கொடுங்கள். என்ன தவறு செய்திருந்தாலும், கூப்பிட்டு வந்த நாயை அடிக்காதீர்கள்.

3. நாயைக் கயிற்றில் பிடித்தபடி கோழிகளுக்குச் சற்றுத் தூரத்தில் இருங்கள். அமைதியாக இருந்தால் துண்டு கொடுங்கள். பாய்ந்தால் சத்தமிடாமல் இன்னும் தூரம் கொண்டுபோய் மறுபடி தொடங்குங்கள். தினமும் பத்து நிமிடம் போதும், பொறுமைதான் வேண்டும். நன்கு பழகும் வரை கோழிகளிடையே அவிழ்த்துவிட வேண்டாம்.

4. நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கமாகும். கட்டுவதானால் நீளக் கயிறு, நிழல், தண்ணீர் மூன்றும் வேண்டும்.

5. தின்னும் நாயையும் குட்டி போட்ட நாயையும் சீண்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

யானை வரும் இடங்களில் கூப்பிட்டதும் வரும் பழக்கம் இன்னும் முக்கியம். யானையைக் கண்டு குரைத்துக்கொண்டு ஓடும் நாய், அது துரத்தினால் எசமானிடமே திரும்பி ஓடிவரும். பின்னால் யானையும் வரும். இருட்டில் வயலுக்குப் போகும்போது நாயை அவிழ்த்துக் கூட்டிச் செல்லாதீர்கள்.

ஊசியை மறவாதீர்கள்

எவ்வளவு நன்றாகப் பழகிய நாய்க்கும் விசர் நோய் வரலாம். 1973-இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். இன்று அத்தொகை பெருமளவு குறைந்துள்ளது. நாய்களுக்குப் போடும் தடுப்பூசி இதற்கு முக்கிய காரணம். உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுவியுங்கள். எப்போது, எங்கே போடுகிறார்கள் என்பதைக் கால்நடை வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியலாம்.

நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூசவேண்டாம். கீறல்தானே என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. கடித்த நாயைக் கொல்லாமல் கட்டிவைத்து இரண்டு கிழமை கவனியுங்கள். அது நோயுற்றாலோ செத்தாலோ வைத்தியரிடம் உடனே தெரிவியுங்கள்.

ஒரு துண்டு கருவாடு, தினமும் பத்து நிமிடம், ஆண்டுக்கு ஓர் ஊசி: செலவு இவ்வளவுதான். அயல் வீட்டு ஆடும் உங்கள் வீட்டுப் பிள்ளையும் பத்திரமாக இருக்கும்.