இனிஷியல், கையெழுத்து, பள்ளிக்கூடம்

'அப்பா கையெழுத்து வாங்கினு வா.' மதிப்பெண் அட்டையைப் பையன் கையில் கொடுக்கும்போது ஆசிரியர் சொல்லும் இந்த வாக்கியம் ஒரு குடும்ப அமைப்பை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்கிறது. வீட்டில் அப்பா இருக்கிறார். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருடையது. அந்த அதிகாரமும் பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுத்து அனுப்புகிற உழைப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கணவன் மனைவி பிரிந்துவிட்ட வீட்டில் இவையெல்லாம் சிதறிப்போகின்றன. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது பற்றி நம் சட்டங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. பிள்ளை தன்னிடம் இல்லாத தாய்க்கோ தந்தைக்கோ அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் என்ன இடம் என்று கேட்டால்தான் கோர்ட், பஞ்சாயத்து, ஜமாத், ஹெட்மாஸ்டர் அறை எல்லாமே குழம்புகின்றன. இந்தக் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதுதான் இங்கு நான் சொல்ல வருவது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, அதாவது கஸ்டடி, ஒன்று. பிள்ளையின் சார்பில் முடிவெடுத்துக் கையெழுத்திடும் காப்பாளர் நிலை வேறொன்று. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம், பிரிவு 6, ஐந்து வயதுவரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்கிறது. இயற்கைக் காப்பாளர் மட்டும் தந்தை, 'அவருக்குப் பின்' தாய். இஸ்லாமியச் சட்டத்தில் இந்தப் பிளவு இன்னும் தெளிவானது. ஹனஃபி வழக்கில் ஆண்பிள்ளை ஏழு வயதுவரையும் பெண்பிள்ளை பருவமடையும்வரையும் தாயின் ஹிஸானத்தில் இருக்கலாம். வலி, அதாவது காப்பாளர், எப்போதும் தந்தைதான். தாய்க்கு இருப்பது பிள்ளையை வைத்திருக்கும் உரிமை மட்டுமே என்று பிரிவி கவுன்சில் 1918இல் இமாம்பாந்தி வழக்கில் அழுத்திச் சொன்னது. நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனை முன்வைத்து இந்த வயதுக் கணக்கைத் தாண்டியிருக்கின்றன, உண்மைதான். ஆனாலும் அடிப்படைக் கட்டமைப்பு அப்படியே நிற்கிறது: உடலை வளர்ப்பது தாய், பெயரை வைத்திருப்பது தந்தை.

ஆகவே 'பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர்' என்ற ஒரே தொடருக்குள் சமமில்லாத இரண்டு பேர் இருக்கிறார்கள். தந்தை பிரிந்துபோனாலும் காப்பாளர் நிலை அவரைவிட்டுப் போவதில்லை. ஆம்பூரை விட்டு அவர் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடட்டும், பையனின் வருகைப்பதிவேட்டில் இனிஷியலாக தினமும் காலையில் 'ஆஜர்' ஆகிக்கொண்டேயிருக்கிறார். பிள்ளையைத் தந்தை வீட்டில் விட்டுவிட்டு வரநேர்ந்த தாயின் கதி வேறு. கஸ்டடியும் இல்லை, காப்பாளர் நிலையும் இல்லை, இனிஷியலிலும் அவள் இல்லை. பள்ளி வாசலில் போய் நின்று, 'நான் அவன் அம்மாங்க, எப்படிப் படிக்கிறான்னு பாக்கணும்' என்றால், 'அப்பாவ வரச்சொல்லும்மா' என்பதுதான் பதில்.

இந்த அமைப்பைக் கேள்விக்குள்ளாக்கிய வழக்கும் ஒரு கையெழுத்தில்தான் தொடங்கியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களுக்கு விண்ணப்பித்தபோது, கணவரின் சம்மதத்தோடு காப்பாளராகத் தாமே கையெழுத்திட்டார். வங்கி, தந்தை கையெழுத்திட வேண்டும் அல்லது தாயே காப்பாளர் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று திருப்பியது. இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது வந்தனா சிவாவின் மனு. மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருக்க, தான் மட்டுமே இயற்கைக் காப்பாளர், தன் அனுமதியின்றி மகன் விஷயத்தில் எந்த முடிவும் கூடாது என்று தந்தை எழுதிக்கொண்டிருந்தார் என்பது அதிலிருந்த முறையீடு. 1999 பிப்ரவரி 17 அன்று உச்சநீதிமன்றம், 'அவருக்குப் பின்' என்பதற்கு 'அவர் இறந்த பின்' என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை, 'அவர் இல்லாத நிலையில்' என்று கொள்ளலாம் என்றது. பிள்ளை மீது முழு அக்கறையின்மையும் அத்தகைய 'இல்லாமை'தான்.

தீர்ப்பைப் பலரும் கொண்டாடினார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பிரிவு செல்லாது என்று கோர்ட் சொல்லவில்லை. வாசிப்பை மட்டும் மாற்றியது. எனவே தாய் காப்பாளராக வேண்டுமானால் தந்தையின் அக்கறையின்மையை நிரூபித்தாக வேண்டும். 'ஸ்கூல் பக்கமே வர்லீங்க அந்தாளு' என்பது அவளுடைய சாட்சியமாகிறது. வருஷத்தில் ஒரு நாள் ஆண்டு விழாவுக்கு வந்து பிள்ளையோடு போட்டோ எடுத்துக்கொள்வது அவனுடைய சாட்சியமாகிறது. தந்தை அக்கறையோடு வந்தால் தாயின் அதிகாரம் கரைகிறது. தாயின் அதிகாரம் நிலைக்கத் தந்தை வராமலிருக்க வேண்டும். 'அவரு வந்தா உள்ள விடாதீங்க சார்' என்று தாய் சொல்லும்போது அதைத் தனிப்பட்ட வன்மமாக மட்டும் பார்ப்பவர்கள், சட்டப் பிரதியே இருவரையும் இப்படி எதிரெதிரே நிறுத்தியிருப்பதைப் பார்ப்பதில்லை.

இனி இந்தத் தோல் வட்டாரத்துக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தப் பகுதியில் டேனரி வேலை பெரும்பாலும் ஆண்களுடையது; ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம். கம்பெனிக்குப் போகாத பெண்கள் பலர் வீட்டிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைக்கிறார்கள். பெற்றோர் கூட்டம் வேலைநாளில் வந்தால் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கே பள்ளிக்குப் போக நேரமில்லாதபோது, வைத்திருக்காதவரின் 'பங்கேற்பு' என்ற சொல் மேல்தட்டு வாசனை அடிக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி ஒரே ஆளின் நேரத்தை இப்படித் தின்கிற இடத்தில்தான் இரண்டாவது ஆள் ஒருவர் தேவைப்படுகிறார். பள்ளியோ குழந்தைக்கு ஒரு கைபேசி எண்ணோடு நிறுத்திக்கொள்கிறது. பரீட்சை, லீவு, பீஸ் எல்லாச் செய்தியும் அந்த ஒரு எண்ணுக்கே.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு சன்னலைத் திறந்திருக்கிறது. அதிகம் பேசப்படாத சன்னல். அதன் பிரிவு 2, 'பெற்றோர்' என்பதை இயற்கையான, மாற்று அல்லது தத்தெடுத்த தந்தை அல்லது தாய் என்று மட்டுமே வரையறுக்கிறது. கஸ்டடி பற்றிய பேச்சு 'காப்பாளர்' வரையறையில்தான் வருகிறது. அதாவது பிள்ளையைத் தன்னிடம் வைத்திராத தாயும் இந்தச் சட்டத்தின் கண்ணில் பெற்றோர்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும் காப்பாளருக்கும் உரியது என்னும்போது அவளை விலக்கச் சட்டத்தில் சொல் இல்லை. ஆனால் 2014இல் பிரமதி வழக்கின் தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றது. முஸ்லிம் கல்விச் சங்கங்களும் லுத்தரன் மிஷனும் பள்ளிகளை வளர்த்தெடுத்த ஆம்பூரில் இது சின்ன விதிவிலக்கு அல்ல. அத்தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஓர் அமர்வு கருத்துச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுச் சட்டமும் விதிகளும், தடை செய்யும் கோர்ட் உத்தரவு எதுவும் பள்ளிக்குக் காட்டப்படாதவரை, பிரிந்த பெற்றோர் இருவரும் பதிவேடுகளைப் பார்க்கலாம் என்கின்றன. அங்கே தடைக்குத்தான் ஆதாரம் கேட்கிறார்கள், இங்கே உரிமைக்கு.

தடை தேவைப்படும் இடங்களும் உண்டு. அடித்துத் துரத்தியவன் பிள்ளையின் பள்ளி வாசலில் வந்து நிற்பது அக்கறை இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 18, பாதிக்கப்பட்டது குழந்தையானால் அதன் பள்ளிக்குள் எதிர்மனுதாரர் நுழைவதைத் தடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவின் நகல் பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும். வாட்ச்மேனின் ஞாபகத்தை நம்பியிருக்க முடியாது.

2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்சநீதிமன்றம், பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்குரிய உரிமை என்றும், நேரில் வர முடியாதவருக்குத் தொலைபேசி, வீடியோ வழித் தொடர்பு தரப்பட வேண்டும் என்றும் சொன்னது. சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் தந்தைக்குரிய முன்னுரிமையை நீக்கவும், பிரிந்த பெற்றோர் இருவரும் சேர்ந்து வளர்ப்பதற்கான ஏற்பாடுகளைச் சட்டத்தில் சேர்க்கவும் பரிந்துரைத்திருந்தது. அது வரும்போது வரட்டும். பிள்ளையைப் பார்க்கும் உத்தரவு கேட்டு மனுப்போடுகிறவர்கள் கிழமை, மணி, இடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் அட்டையின் நகல், பெற்றோர் கூட்டத்துக்கு இருவருக்கும் அழைப்பு, பதிவேட்டில் இரண்டு கைபேசி எண், இன்னொருவருக்குத் தெரியாமல் டி.சி. வாங்கக் கூடாது என்ற நிபந்தனை, இவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். பஞ்சாயத்தில் பத்திரத்தில் எழுதிப் பிரிகிறவர்கள் நகைக்கும் சீருக்கும் கீழே இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஹெட்மாஸ்டரிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.