“இதையெல்லாமா படம் எடுப்பாங்க?”

டாகுமென்டரி என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். 1948-ல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் படங்களை, அந்நாளில் சினிமாக் கொட்டகைகளில் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயம் காட்ட வேண்டும். முறுக்கு வாங்க ஜனங்கள் எழுந்து போவதும் அந்த நேரத்தில்தான்!

சென்ற குளிர்காலத்தில் ஏற்காடு மலையிலுள்ள மாரமங்கலத்தில், உறவுக்காரர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் சமயம். ஒரு மாலை, வேலை முடிந்து வந்த பெண்கள் ஏழெட்டுப் பேருக்கு ‘பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்’ என்ற படத்தை டி.வி.யில் போட்டேன். 2019-ல் ஆஸ்கர் பரிசு பெற்ற படம். அரை மணி கூட ஓடாது. பேச்சு இந்தியில். கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

உத்தரப்பிரதேசத்தில் ஹாப்பூர் பக்கம் ஒரு கிராமம். மாதவிலக்கு என்றால் என்ன என்று கேட்டதும் பெண்கள் வெட்கத்தில் வாயடைத்துப் போகிறார்கள். ஒரு பையன் அது ஏதோ வியாதி என்கிறான். “ஐயே, இதையெல்லாமா படம் எடுப்பாங்க?” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள் ஒருத்தி. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

அந்தக் கிராமத்துக்கு நாப்கின் செய்யும் இயந்திரம் ஒன்று வந்து இறங்குகிறது. மரக்கூழை அரைத்து, அச்சில் அழுத்தி, மெல்லிய துணி சுற்றிக் கிருமி நீக்குகிறார்கள். அந்தப் பெண்களே தயாரித்து வீடு வீடாக விற்கிறார்கள். “இதைக் கண்டுபிடிச்சவர் நம்ம கோயமுத்தூர்க்காரர், அருணாசலம் முருகானந்தம்” என்றேன். மனைவி பழந்துணி உபயோகிப்பதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். 2016-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. “ஆம்பளையா!” என்று ஒரே சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் ஒரு அம்மாள் மெல்லக் கேட்டார்: “துணியே போதும்னு இருந்தவதான் நானும். மழையும் பனியுமா இருந்தா இந்த மலையில துணி எங்க அக்கா காயுது?”

சரியான கேள்வி. துணியை நான் குறை சொல்ல மாட்டேன். சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வைத்தால் துணியே போதும். ஆனால் மூடுபனியில், அதுவும் பிறர் கண்ணில் படாமல் பாவாடைக்கடியில் ஒளித்துக் காயப்போட்டால், ஈரம் எப்படிப் போகும்? அரிப்பு, புண், கிருமி எல்லாம் அந்த ஈரத்தில்தான் வரும். வெயில் இல்லாத மாதங்களில் நாப்கின்தான் நல்லது. அதையும் நாள் முழுக்க வைத்திருக்காமல், நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

10 முதல் 19 வயதுக் கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புதுயுகம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2012-ல் வந்தது. “பள்ளிக்கூடத்துல குடுக்கறாங்களே, உன் மக சொல்லலையா?” என்று ஒருத்தி கேட்க, “அவ எங்கிட்ட எங்கே இதெல்லாம் பேசறா!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். அன்றிரவு அம்மாவும் மகளும் பேசினார்களாம். மறுநாள் எனக்குச் சேதி வந்தது.

அடுத்த தடவை ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ வேண்டுமாம். முதுமலை தெப்பக்காட்டு யானைக்குட்டிகளை வளர்த்த தம்பதியைப் பற்றியது. 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. “ஆனைப் படம்னா வீட்டு ஆம்பளைங்களும் வருவாங்க. அப்ப முதல்ல இந்தப் படத்தைப் போட்டுடுங்க!” என்று யோசனை சொன்னதும் அந்த அம்மாள்தான்.