செந்தேளும் செல்லின் வாயிலும்

கட்டுமாவடியில் நாங்கள் கீற்றுக்கட்டைக் குச்சியால் தட்டிவிட்டே தூக்குவோம். அடியில் செந்தேள் இருக்கும். விலங்கியலார் 1798-இல் அதற்கு இட்ட பெயர் ‘தமுலுஸ்’. தமிழ்ப் பெயர் போலல்லவா ஒலிக்கிறது!

இரத்தக்குழாய்த் தசையின் செல்களில் கால்சியம் பெருகினால் தசை சுருங்கும். அதே கால்சியம் செல்லின் சவ்விலுள்ள ஒரு நுண்வாயிலையும் திறந்துவிடும். அதன் வழியே பொட்டாசியம் வெளியேற, தசை தளரும். சுருக்கியதே தளர்த்தவும் செய்வது விந்தைதான்!

1990-இல் செந்தேள் நஞ்சிலிருந்து பிரித்தறியப்பட்ட ஐபீரியோடாக்சின், 37 அமினோ அமிலங்களாலான சிறு புரதம். இவ்வாயிலில் அது தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது. எந்தச் செல்லில் இவ்வாயில் வேலை செய்கிறது என்று அறிய விஞ்ஞானிகளுக்கு இது நல்ல கருவி.

கொட்டுப்பட்ட குழந்தையின் இதயத்தைத் தாக்குவன பெரும்பாலும் அந்நஞ்சின் வேறு புரதங்களே. அதற்குப் பிரசோசின் மாத்திரை உதவுவதை மராட்டிய மருத்துவர் பவாஸ்கர் 1980-களில் காட்டினார். எங்கள் பக்கம் சிலர் இன்னும் முதலில் மந்திரிக்கவே ஓடுகிறார்கள்.