வலித்திருந்தால் அவர் நடந்தே வந்திருக்க மாட்டார்

கால் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு செய்வது என் தொழில். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை கற்று, பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தவன். கம்பெனியில் ஊரிலுள்ள கால்களெல்லாம் சில அளவுக் கட்டைகளுக்குள் அடங்கிவிடும். இங்கே ஒரே ஆளின் இரண்டு கால்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

வருகிறவரின் காலைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கழற்றிவைத்த பழைய செருப்பைத்தான் கையில் எடுப்பேன். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த விரல் ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒருநாள் மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். ரப்பர் செருப்பைத் திருப்பினேன். அடியில் ஓர் ஆணியின் தலை, தார்ரோட்டில் உரசி உரசி, வெள்ளி மாதிரிப் பளபளத்தது. மேல்பக்கம் அதன் முனை நெல்மணி உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இது எப்போ குத்துச்சுங்க ஐயா?"

அவர் குனிந்து பார்த்தார். "எது?" என்றார். பிறகு, "வலிக்கவே இல்லியே தம்பி" என்று சிரித்தார்.

ஆணித்தலை தேய்ந்திருந்த அளவுக்கு அது அன்றைக்குக் குத்தியதாக இருக்க முடியாது. அதன்மேல் நடந்து கடைக்குப் போயிருக்கிறார், பஸ் ஏறியிருக்கிறார், ஆஸ்பத்திரி மாடிப்படியும் ஏறியிருக்கிறார். வலித்திருந்தால் முதல் அடியிலேயே நின்றிருப்பார். என் வேலை முழுவதும் இந்த 'வலிக்கவே இல்லியே'யோடுதான்.

பள்ளிக்கூடப் பாடத்தில் உடலின் திசுக்கள் நான்கு வகை என்று படித்திருப்போம்: எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. பாதத்தில் நான்கும் நெருக்கியடித்து இருக்கின்றன. உள்ளங்காலின் தோல் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிப்பு. குதிகாலில் தோலுக்குக் கீழே கொழுப்பு இருக்கிறது. அது நார்ச் சுவர்கள் தடுத்த சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைபட்டிருப்பதால், முழு உடம்பின் எடை இறங்கினாலும் பக்கவாட்டில் பிதுங்கி ஓடாது. நான் செருப்புக்குள் வைக்கும் எந்த ரப்பரும் அதற்கு ஈடாகாது.

இவ்வளவு பாதுகாப்பையும் எப்போது, எங்கே பயன்படுத்துவது என்று சொல்ல நரம்பு வேண்டும். கட்டைவிரல் நுனியில் உணர்வை வாங்கும் நரம்பிழை முழங்கால், தொடை எல்லாம் கடந்து இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பு வரை போகிறது. ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் கொண்ட அந்த இழை ஒரே செல்லின் நீட்சி. செல்லின் உடல் முதுகெலும்பை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத புள்ளியாக இருக்கிறது. விரல் நுனிக்கு வேண்டிய சத்தும் புரதமும் அந்தப் புள்ளியிலிருந்துதான் இறங்கி வரவேண்டும்.

இழைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. தொடுகையைச் சொல்லும் தடித்த இழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் மயலின் என்ற கொழுப்புறையைச் சுருட்டி வைத்திருக்கின்றன. அவற்றில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் ஓடும். மயலின் இல்லாத மெல்லிய இழைகளிலோ நொடிக்கு 2 மீட்டர்கூடத் தேறாது. கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது அனுபவமாகவே தெரியும். முதலில் சுரீர் என்று ஒன்று. 'ஐயோ' என்று வாய்திறந்து முடிப்பதற்குள் பின்னாலேயே வந்து சேரும் மந்தமான, நின்று எரியும் வலி. இரண்டும் ஒரே அடிதான். வந்த பாதை வேறு.

சூட்டை அறியவும் நரம்பு நுனியில் தனி ஏற்பாடு உண்டு. டிஆர்பிவி1 என்ற புரதம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் திறந்துகொள்கிறது. மிளகாயில் உள்ள காப்சைசின் பட்டாலும் அதே புரதம்தான் திறக்கிறது. மிளகாய் கிள்ளிய கை எரிவது அதனால்தான். சூடு எதுவும் இல்லாமலே நரம்பு 'சுடுது' என்று கத்துகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கும், அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வலியே தெரியாமல் பிறந்தால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்குப் பாகிஸ்தானின் வடபகுதியில் கிடைத்த செய்தி ஒன்று உண்டு. வலி நரம்பில் சோடியம் நுழையும் வழி ஒன்றை அமைக்கும் எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு பழுதானதால், சில குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வலி இல்லை. 2006இல் இந்த ஆய்வு வெளியானது. ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்கு முதலில் வந்தவன், தெருவில் வித்தை காட்டிய ஒரு பையன். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணல்மேல் நடப்பான். பதினான்கு வயது நிறைவதற்குள், வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது பிறவியில் வந்ததல்ல. சர்க்கரை செய்த வேலை. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்காக உயர்ந்தே இருந்தால், நரம்புக்குள் குளுக்கோஸ் சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தேங்குகிறது. நரம்புக்கே ரத்தம் தரும் மயிரிழைக் குழாய்களும் தடித்துக் குறுகிவிடுகின்றன. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் அல்லவா? உடம்பில் கடைமடை, கால் விரல் நுனி. அதனால்தான் மரப்பு இரண்டு கால்களின் விரல்களிலும் தொடங்கி, காலுறை போடுவதுபோல மேலே ஏறுகிறது. அது முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளும் மதமதக்கத் தொடங்கும்.

வருகிறவர்கள் சொல்லும் விதமே ஒரு வரிசையில் இருக்கும். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு." "ராத்திரி படுத்தா மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது, போர்வை பட்டாக்கூடத் தாங்கல." "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." கடைசியாக, "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல சார், பின்னாடி வந்த பையன் எடுத்துக் குடுத்தான்." எரிச்சல் என்பது அடிபட்ட நரம்பு காரணமில்லாமல் கத்துவது. சிலருக்கு அது தானாகவே நின்றுவிடும். மருந்து பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். பல சமயம், கத்துவதற்கு அங்கே நரம்பு மிச்சமில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

உணர்வு மட்டும் போவதில்லை. வியர்வையைச் சுரக்கச் சொல்லும் நரம்புகளும் போவதால் தோல் வறண்டு பாளம் பாளமாக வெடிக்கிறது. பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் சூம்பி, விரல்கள் கொக்கிபோல மடங்குகின்றன. அப்போது விரல் அடிமூட்டுகள் கீழ்நோக்கித் துருத்தி, எடை முழுவதும் ஓரிரு இடங்களில் இறங்குகிறது. அங்கே தோல் தடித்து ஆணி விழுகிறது. அதைப் பிளேடால் சீவுவார்கள், ஆணி பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அடியில் ஏற்கெனவே ரத்தம் கட்டிச் சதை நசுங்கியிருக்கும். பிளேடு பட்டதும் அது புண்ணாகத் திறந்துகொள்ளும்.

மரத்த காலைக் காப்பது எப்படி என்ற பாடத்தை மருத்துவ உலகம் பெரும்பாலும் கற்றுக்கொண்டது எங்கள் வேலூர், செங்கல்பட்டுப் பக்கத்துத் தொழுநோயாளிகளிடமிருந்துதான். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். எனவே தோலை ஒட்டி ஓடும் நரம்புகளில், அதுவும் ஷ்வான் செல்களுக்குள்ளேயே, குடியேறுகிறது. முழங்கை முட்டிக்குப் பின்னால், கணுக்காலுக்கு உள்பக்கம் என்று அந்த இடங்களை விரலால் தடவியே சொல்லிவிடலாம். ஆனாலும் விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்பதற்கு, நோயே சதையை அழுக வைக்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள்.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய கைகளைப் பார்த்த பிறகு, நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். அதே நாட்களில் அவர் பார்த்த ஒரு காட்சியை அவரே எழுதியிருக்கிறார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது விரல் காணாமல்போன நோயாளிகளைக் கவனித்துப் பார்த்தால், எலி கடித்துத் தின்றிருந்தது. வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

கிருமி உணர்வைத்தான் பறிக்கிறது. விரலைப் பறிப்பது தினசரி வேலை என்பது அப்போதுதான் துலங்கியது. ஆணியும் நெருப்பும் போக, மூன்றாவதாக ஓர் எதிரியையும் பிராண்ட் பிடித்தார். அது சாதாரண நடை. நாம் ஓர் இடத்திலேயே அழுத்தி நடந்தால், கொஞ்ச தூரத்தில் அந்த இடம் லேசாக நோகும். நமக்கே தெரியாமல் பாதத்தைச் சாய்த்து எடையை வேறு பக்கம் மாற்றிவிடுவோம். மரத்த கால் அப்படி மாற்றாது. ஒரே புள்ளியில் ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி என்று மிதித்துக்கொண்டே போகும். திசு சூடேறி, வீங்கி, உள்ளுக்குள் உடைந்து, கடைசியில்தான் வெளியே புண் தெரியும். ஆறாத புண்ணுக்குக் களிம்பைவிட ஓய்வும் எடை மாற்றமும் பெரிய மருந்து. பிராண்டுக்கு முன்பே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் இப்படிப்பட்ட கால்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவைத்தே புண்ணை ஆற்றினார்.

நாங்கள் செய்யும் செருப்பும் அதே கணக்கில்தான். மை தடவிய ரப்பர் விரிப்பில் நடக்கவைத்துக் காலின் பதிவை எடுப்போம். எங்கே கறுப்பாக விழுகிறதோ அங்கே அழுத்தம் அதிகம். உள்ளே எம்.சி.ஆர். என்று நாங்கள் சொல்லும் மைக்ரோசெல்லுலர் ரப்பர், கட்டைவிரலால் அமுக்கினால் பாதியாகி, விட்டதும் எழ வேண்டும். கறுப்பு விழுந்த இடத்துக்குப் பின்னால் சிறு மேடு வைத்து, எடையை அங்கே வாங்கிக்கொள்வோம். அடியில் ஆணி பாயாத கடின ரப்பர். விரலிடுக்கில் வார் கிடையாது, அங்கேதான் முதலில் கொப்புளம் வரும். பின்னால் பட்டி கட்டாயம், இல்லாவிட்டால் கழன்று விழுவது தெரியாது. முழுச் செருப்பிலும் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம், தையலும் சொல்யூஷனும்தான்.

போன உணர்வு திரும்புமா என்று எல்லோரும் கேட்பார்கள். வெட்டுப்பட்ட நரம்பு எல்லாம் சரியாக அமைந்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். முதுகிலிருந்து விரல்வரை 1 மீட்டர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை அதிகமாகவே இருக்கும் உடம்பில் அந்த வளர்ச்சியும் நடக்காது. பி12 குறைவாலும் குடியாலும்கூடக் கால் மரக்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் பிடித்தால் நிறையவே மீட்கலாம்.

பரிசோதனையும் எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 'தொடுது' என்று சொல்லச் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும். இழை தெரியவில்லை என்றால், அன்று முதல் வலியின் வேலையைக் கண் செய்ய வேண்டும். தினமும் படுக்கும்முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, செருப்பைப் போடும்முன் உள்ளே கைவிட்டுத் தடவுவது, வெந்நீரை முழங்கையால் சோதிப்பது, சித்திரை வெயிலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றாமல் இருப்பது. ஒரு கால் மட்டும் வலியில்லாமல் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். 1868இல் அதை விவரித்த சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லி, அளவெடுத்து, பொருத்திக் கொடுத்த பிறகும் சிலர் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு பழையதையே மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கேட்டால், "இது அந்த நோய்க்காரங்க போடுற செருப்பு மாதிரி இருக்கே, ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஆமாம், அவர்கள் செருப்புதான். பக்கத்தில் உட்காரவிடாமல் ஊர் ஒதுக்கிவைத்தவர்கள், தங்கள் விரலைக் கொடுத்துத்தான் மரத்த காலை எப்படிக் காப்பாற்றுவது என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு ஏசி காரில் வருகிறவர் காலும் அந்த அறிவில்தான் நிற்கிறது. இப்போது கறுப்பு, பழுப்பு நிறங்களில், பார்ப்பதற்குக் கடைச் செருப்பு மாதிரியே செய்து தருகிறோம். கேட்ட நிறத்தில் கொடுத்துவிடுவேன். உள்ளே வைக்கும் எம்.சி.ஆர். மட்டும் மாறாது.