குட்டியானையா, தோஸ்த்தா, பொலிரோவா?

உடுமலையில் லோடு வண்டி எடுக்க நினைப்பவர் முன்னால் இன்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 2005-இல் டாடா ஏஸ் வந்து 'குட்டியானை' என்று பெயரெடுத்தது. 2011-இல் நிசானோடு கூட்டுச் சேர்ந்து அசோக் லேலண்ட் தோஸ்த்தைக் கொண்டுவந்தது. அது தயாரானது நம் ஓசூரில். 2019-இல் டாடாவின் இன்ட்ரா சேர்ந்துகொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே ஓடத் தொடங்கிய மஹிந்திரா பொலிரோ பிக்கப் இன்னும் அசையாமல் நிற்கிறது. இதில் எது தரமான வண்டி என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆனால் பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவருக்குத் தரம் என்பது வண்டி வேலைக்குப் போகாமல் நின்ற நாட்களின் கணக்குதான். அந்தக் கணக்கைக் கம்பெனியின் பெயரைவிட வண்டியில் ஏறும் சரக்கே அதிகம் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் வண்டியின் தரத்தை அளக்க முறையான ஏற்பாடு உண்டு. ஜே.டி. பவர் நிறுவனம் புது வண்டி வாங்கியவரிடம் முதல் 90 நாளில் வந்த கோளாறுகளைக் கேட்டு, நூறு வண்டிக்கு எத்தனை என்று வெளியிடுகிறது. மூன்று வருடம் ஓடிய வண்டிக்கு ஓர் ஆய்வு, உரிமையாளரின் மனநிறைவுக்கு இன்னோர் ஆய்வு. டொயோட்டா டகோமா, செவர்லே கொலராடோ போன்ற பிக்கப்புகள் அங்கே இப்படித்தான் ஒப்பிடப்படுகின்றன. அவற்றைக் குடும்பக் காராகவே வைத்திருப்பவர்கள் அங்கே நிறைய. அதனால் தொடுதிரையில் வரும் சிக்கல்கூடக் கோளாறுக் கணக்கில் ஏறிவிடும். நம் ஊர் பிக்கப்பில் ரேடியோ பாடாவிட்டால் யாரும் டியூ கட்டத் தவறப்போவதில்லை. கிளட்ச் தேய்ந்து சீசனில் மூன்று நாள் நின்றால் தவறுவார்கள்.

உடுமலைச் சரக்கை எடுத்துக்கொள்வோம். சந்தைக்கு வரும் தக்காளிப் பெட்டி சுமார் 14 கிலோ. காலிப் பெட்டியின் எடையையும் சேர்த்தால், 1.3 டன் அனுமதியுள்ள வண்டியில் எண்பது பெட்டியை ஒட்டித்தான் ஏற்றலாம். விலை கூடிய நாளில் அந்த எண்ணிக்கையோடு யாரும் நிறுத்துவதில்லை. தோட்டத்து மண் தடத்தில் இரண்டாம் கியரில் ஏறி, வரப்போரம் சக்கரம் இறங்கி, பின் பட்டை வளைந்து தட்டையாகி, அந்த நிலையிலேயே மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். தேங்காய் லோடும் இதே கதைதான். குடிமங்கலம், பல்லடம் வழியாகத் திருப்பூர் போகும் துணி ரோலும் பனியன் மூட்டையும் வேறு ஜாதி. எடை எல்லையைத் தொடுவதற்குள் பாடி நிறைந்துவிடும், ரோடும் தார்ரோடு. முதல் வேலைக்கு 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினும் முரட்டுச் சேஸியும் கொண்ட பொலிரோ பொருந்துகிறது. இரண்டாவதற்கு ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் தோஸ்த் தாராளமாகப் போதும்; நெரிசலான திருப்பூர்ச் சந்துகளில் திருப்பவும் சுலபம். தக்காளிக்காரர் தோஸ்த்தைக் குறை சொல்வதும், துணிக்காரர் பொலிரோவின் டீசல் செலவைக் குறை சொல்வதும் வண்டியின் தரத்தைப் பற்றிய சாட்சியம் ஆகாது.

ஓவர்லோடு ஏற்றிவிட்டு வண்டியைப் பழிக்கலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதனால் ஓவர்லோடைத் தாங்குவதை நான் தரம் என்று சொல்ல மாட்டேன். அனுமதித்த எடையோடு மோசமான தடத்தில் ஐந்து வருடம் ஓடியும் பட்டை உடையாமல் இருப்பதே தரம். இன்னொரு ஆட்சேபம் மைலேஜ். இது கனமான ஆட்சேபம். ஒரு பேச்சுக்கு ஒரு வண்டி லிட்டருக்கு 12, இன்னொன்று 14 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு நூறு கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடினால், டீசல் 92 ரூபாய் விலையில் வித்தியாசம் ஏறக்குறைய 2,700 ரூபாய். சின்னத் தொகையல்ல. ஆனால் செலவு போக நாளைக்கு 1,500 ரூபாய் நிற்கும் வண்டி மாதத்தில் இரண்டு நாள் கூடுதலாக நின்றால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும். மைலேஜ் தினமும் கண்ணில் படுகிறது. நின்ற நாளை யாரும் நோட்டில் எழுதிவைப்பதில்லை. நம் ஆட்கள் ஏமாறுவது அங்கேதான்.

பொலிரோதான் அதிகம் விற்கிறது, அதுவே போதாதா என்பதும் வலுவில்லாத வாதம். விற்பனைக்குத் தரத்தோடு பைனான்ஸ் சுலபமாகக் கிடைப்பதும், பழைய வண்டிக்கு நல்ல விலை வருவதும், எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைப்பதும் காரணம். இவற்றில் கடைசி இரண்டுக்கும் நான் மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் அவை நேரடியாக நின்ற நாளைக் குறைக்கின்றன அல்லது அதற்கு ஈடுகட்டுகின்றன. பைனான்ஸ் சுலபம் என்பது வண்டியின் குணமே அல்ல.

என் தீர்ப்பு இது: தோட்டச் சரக்குக்குப் பொலிரோ, துணிக்குத் தோஸ்த் அல்லது இன்ட்ரா, ஊருக்குள் முக்கால் டன்னுக்குள் நடைக்குக் குட்டியானை. ஷோரூமுக்குப் போகுமுன் ஸ்டாண்டுக்குப் போங்கள். நீங்கள் ஏற்றப்போகும் அதே சரக்கை நான்கு வருடத்துக்கு மேல் ஏற்றிய மூன்று ஓனர்களிடம், போன வருடம் வண்டி எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.