ஃபெர்மாவின் ஊகமும் 4294967297 என்னும் எண்ணும்: ஒரு விளக்கம்

முன்னுரை

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், ஒன்றினும் பெரிய முழு எண் பகா எண் எனப்படும். பிரெஞ்சுக் கணிதவியலார் பியர் தெ ஃபெர்மா, பகா எண்களை மட்டுமே தரும் ஒரு வாய்பாட்டைக் கண்டதாகக் கருதினார். அவ்வாய்பாட்டின் ஆறாவது எண்ணாகிய 4294967297 அக்கருத்தைப் பொய்யாக்கியது. எடுத்துக்காட்டுகளால் எட்டப்படும் முடிவுக்கும் நிறுவப்பட்ட முடிவுக்கும் இடையிலான வேறுபாட்டை இவ்வெண்ணின் பண்புகள்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊகமும் மறுப்பும்

2இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை இட்டு, விடையுடன் 1ஐக் கூட்டினால் ஃபெர்மா எண்கள் கிடைக்கும். அவற்றுள் முதல் ஐந்தாகிய 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்கள். இவ்வரிசை முழுவதும் பகா எண்களால் ஆனது என்ற நம்பிக்கையை 1640இல் எழுதிய கடிதங்களில் ஃபெர்மா வெளியிட்டார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1729இல் கோல்டுபாக் இதனை ஆய்லரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். ஆறாவது எண்ணாகிய 2³² + 1 என்பது 641 × 6700417 எனப் பகுபடுவதை 1732இல் ஆய்லர் காட்டினார்.

641 என்னும் வகுஎண்

இவ்வெண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 தரும் என ஆய்லர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. எனவே, ஐந்தாவது சோதனையிலேயே வகுஎண் அகப்பட்டுவிடுகிறது.

நீண்ட வகுத்தலின்றியும் இதனை நிறுவலாம். 641 = 5⁴ + 2⁴ ஆகும். இருபுறமும் 2²⁸ஆல் பெருக்கினால் 641 × 2²⁸ = 640⁴ + 2³² என்றாகும். 640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணியாதலால் அதுவும் 641ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க எஞ்சுவது 2³² + 1. ஆகவே அதுவும் 641ஆல் வகுபட்டே தீரும்.

போலிப் பகா எண்

ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றில் 1ஐக் குறைத்து 2இன் அடுக்காக இட்டு, அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின் ஒரு கூறு. 4294967297 பகு எண்ணாயினும் இச்சோதனையில் தேறிவிடுகிறது. ஆதலின் அது 2ஐப் பொறுத்துப் 'போலிப் பகா எண்' ஆகிறது. 2க்கு மாற்றாக 3ஐ அடியாகக் கொண்டால் மீதி 1 வருவதில்லை, போலி வெளிப்பட்டுவிடுகிறது. ஃபெர்மாவின் ஊகத்தை மறுக்கும் கருவி அவருடைய தேற்றத்திலேயே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வடிவியல் தொடர்பு

முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் 4294967295; அதாவது, ஆறாவது எண்ணைவிட 2 குறைவு. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பலகோணங்களுள், ஒற்றைப்படைப் பக்கங்கள் உடையவற்றில் இன்றுவரை அறியப்பட்ட மிகப்பெரியது இத்தனை பக்கங்களைக் கொண்டதே. காஸ், வான்ட்செல் ஆகியோரின் முடிவுகள் இதற்கு அடிப்படையாகும்.

முடிவுரை

ஐந்து சான்றுகள் ஒத்துவந்தும் ஆறாவது முரண்பட்டது. ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று இன்றுவரை கண்டறியப்படவில்லை; இல்லை என நிறுவப்படவும் இல்லை. சான்றுகள் ஊகத்தைத் தோற்றுவிக்கும். நிறுவலே அதனைத் தேற்றமாக்கும் என்பதை 4294967297 தெளிவுறுத்துகிறது.